மலைக்குப் போகும்போது கருவிகளில் செய்யக்கூடாத தவறுகள்

மலையேற்றமும் பிடிக்கும், புதிதாக வரும் போனும் வாட்சும் பிடிக்கும் என்று இருப்பவர்களைப் பார்த்து, "காட்டுக்குப் போறவனுக்கு எதுக்குப்பா இதெல்லாம்?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நல்ல ஹெட்லேம்ப்பும் (நெற்றியில் கட்டும் விளக்கு), போனில் இறக்கி வைத்த வரைபடமும் இருந்தால் பல சிக்கல்கள் தொடங்கும் இடத்திலேயே முடிந்துவிடும். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் ஒரு கருவியை வாங்கும்போது அதில் என்னென்ன வசதி இருக்கிறது என்று பார்க்கிறோம். மலைக்கு எடுத்துப் போகும்போது பார்க்க வேண்டியது, அது எதை நம்பி வேலை செய்கிறது என்பதை. டவரையா, வெப்பநிலையையா, காற்றழுத்தத்தையா, அரசாங்க அனுமதியையா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கிளம்புவதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

சிக்னலும் ஜிபிஎஸ்ஸும் ஒன்றல்ல

டவர் போய்விட்டால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய பேர். போன், செயற்கைக்கோள்கள் அனுப்பும் சமிக்ஞையை வாங்க மட்டும்தான் செய்கிறது. அதற்கு டவரும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். டேட்டா தேவைப்படுவது வரைபடத்தைத் திரையில் கொண்டுவருவதற்கு. ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவிட்டால், ஏரோபிளேன் மோடில் போட்டபடியே நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மோடில் போடாமல் விடுவதுதான் அடுத்த தவறு. டவர் இல்லாத பள்ளத்தாக்கில் போன் சும்மா இருக்காது. தேடிக்கொண்டே இருக்கும். பையில் தொடாமல் வைத்திருந்த போன் மதியத்துக்குள் பாதியாகிவிட்டதென்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஒரு சின்ன விஷயம்: டேட்டா இல்லாதபோது ஜிபிஎஸ் முதல்முறை இடத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். செயற்கைக்கோளின் பாதை விவரம் விநாடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில்தான் வந்து சேரும். சோலைக்குள் நுழைந்து, மேலே வானமே தெரியாத இடத்தில் முதல்முறையாகத் திறந்து பார்ப்பதைவிட, தொடக்கத்தில் வெட்டவெளியில் ஐந்து நிமிடம் நின்று இடத்தைப் பிடிக்க வைத்துவிட்டு நடப்பது நல்லது.

வரைபடத்தில் கோடு இருந்தால் வழி இருக்கிறது என்று அர்த்தமில்லை

ஸ்காட்லாந்தில் பென் நெவிஸ் என்று 1,345 மீட்டர் மலை. பிரிட்டனிலேயே உயரமானது. 2021 ஜூலையில் அங்குள்ள மலையேற்ற அமைப்புகள் ஒரு பொது எச்சரிக்கை விடுத்தன. உச்சிக்கு மிக அருகில், அடிவாரத்தில் உள்ள வண்டி நிறுத்துமிடத்துக்குக் கூட்டிப்போன கூகுள் மேப்ஸ், அங்கிருந்து காட்டிய வழி செங்குத்தான பாறைச் சரிவில் போவதாகவும், அது உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்கள். நகரத்துத் தெருக்களுக்காகச் செய்த ஆப்புக்கு ஒற்றையடிப் பாதையும் தெரியாது, சரிவும் தெரியாது. ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆப்களில் நடைபாதைகளும் சம உயரக் கோடுகளும் கிடைக்கின்றன. இணையம் இல்லாமலும் வேலை செய்கின்றன. அந்தக் கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். இதைப் படிக்க ஒரு மாலை நேரம் போதும்.

யாரோ நடந்து பதிவுசெய்து இணையத்தில் ஏற்றிய ஜிபிஎக்ஸ் ட்ராக்கை இறக்கிக்கொண்டு கிளம்புவது இதைவிடப் பெரிய தவறு. அவர் எந்த மாதத்தில் போனார், மழை பெய்திருந்ததா, அனுமதி வாங்கினாரா, யானைத்தடம் எங்கே குறுக்கிடுகிறது, எதுவும் அதில் இருக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேற்றக் குழுவினர் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தது அதற்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 தடங்களைத் திறந்து, ஆன்லைனிலேயே பதிவுசெய்து உள்ளூர் வழிகாட்டியோடு போகும் வழியைச் செய்திருக்கிறது. அந்த வழிகாட்டிகளில் பழங்குடி மக்களும் இருக்கிறார்கள். காட்டின் வாசனையை வைத்தே பக்கத்தில் யானை இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் முன்னால் நடக்கும்போது, திரையைப் பார்த்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகாதீர்கள்.

பவர் பேங்க் கணக்கு

10,000 எம்ஏஎச் பவர் பேங்க், 5,000 எம்ஏஎச் போன். இரண்டு முறை முழுதாக ஏறும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறோம். பவர் பேங்கைத் திருப்பி, முதுகில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெப்பாசிட்டி' என்று போட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். 6,000-க்கு முன்னே பின்னே ஒரு எண் இருக்கும். உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட், வெளியே வருவது 5 வோல்ட். மாற்றும்போது ஒரு பகுதி சூடாகவே போய்விடுகிறது. ஆக, ஒரு முறை முழுதாக ஏறும், அப்புறம் கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். மூன்று நாள் நடைக்கு இந்தக் கணக்கு தப்பினால் கடைசி நாள் கையில் செத்த போன்தான் இருக்கும்.

விமானத்தில் டேராடூனுக்கோ லடாக்கின் லேவுக்கோ போகிறவர்கள் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டியதில்லை. 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-ஹவர், பிரச்சினை இல்லை. பையின் மேலே மாட்டுகிற சின்ன சோலார் தகட்டை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மரநிழலில் நடக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் அதற்கு வேலையே இல்லை. அந்த எடைக்குக் கூடுதலாக ஒரு கேபிள் எடுத்துப் போகலாம். பாதி வழியில் நம்மைக் கைவிடுவது பெரும்பாலும் கேபிள்தான்.

குளிர் இன்னொரு கதை. உத்தராகண்டின் கேதார்காந்தாவுக்குப் பனிக்காலத்தில் போகும் நம்மூர்க்காரர்கள் இப்போது அதிகம். அங்கே இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஐபோனையே 0 முதல் 35 டிகிரிக்குள் பயன்படுத்தத்தான் ஆப்பிள் சொல்கிறது. குளிரில் 40 சதவீதம் காட்டிய போன் பட்டென்று அணைந்தால், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை; சூடேற்றினால் திரும்ப வரும். ஆனால் உறைகுளிரில் இருக்கும் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அதன் உள்ளே நிரந்தரச் சேதம் உண்டாகும். இரவில் போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாவற்றையும் காலுறைக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அங்கிருந்து எடுத்த பிறகு சார்ஜ் போடலாம்.

வாட்ச் சொல்வதை அப்படியே நம்புவது

வாட்ச் உயரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நல்ல வாட்சுகளில் காற்றழுத்தமானி இருக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், அதை உயரமாக மாற்றிக் காட்டும். கொடைக்கானல் உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் குறைந்தால் பத்து மீட்டருக்கும் சற்று அதிகமாக ஏறியதாக அர்த்தம். சரி, நாம் நகராமல் கூடாரத்திலேயே உட்கார்ந்திருக்க, வானிலை மாறி அழுத்தம் குறைந்தால்? வாட்ச் நாம் ஏறிவிட்டதாகவே காட்டும்.

நம் பக்கத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் ஒவ்வொரு நாளும் காலை 10 மணிவாக்கில் உச்சத்துக்கு வந்து, மாலை 4 மணிவாக்கில் இறங்கும். வித்தியாசம் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு இருக்கும். அதாவது ஒன்றும் நடக்காத, வெயிலடிக்கும் நாளில்கூட வாட்ச் முப்பது மீட்டர் தப்பாகக் காட்டலாம். இந்த இறக்கத்தைப் பார்த்துப் புயல் வருகிறதென்று பயப்பட வேண்டாம். அதே சமயம், அழுத்தம் ஏற வேண்டிய நேரத்தில், அதாவது விடிந்து பத்து மணிக்குள், அது இறங்கிக்கொண்டே போனால் நிச்சயமாகக் கவனியுங்கள். இதைத் தெரிந்துகொண்டவருக்கு வாட்ச் உயரத்தைக் காட்டுவதோடு நிற்காது, வானிலைக்கும் உதவும். வரைபடத்தில் உயரம் போட்டிருக்கும் கணவாயோ கோயிலோ வரும்போதெல்லாம் அந்த எண்ணை வாட்சில் திருத்திவிடுங்கள்.

ரத்த ஆக்சிஜன் எண்ணில் செய்யும் தவறு இதைவிட ஆபத்தானது. சென்னையிலிருந்து கிளம்பி அதே நாளில் 3,500 மீட்டர் உயரமுள்ள லேயில் இறங்கினால், ஆரோக்கியமானவருக்கே 90 சதவீதத்துக்குக் கீழே காட்டலாம். அதைப் பார்த்துப் பதறுவது ஒரு வகை. 92 காட்டுகிறதே என்று தலைவலியோடும் குமட்டலோடும் மேலே ஏறுவது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் உயிரை எடுக்கும். குளிர்ந்த கையில், தளர்வாகக் கட்டிய வாட்ச் காட்டும் எண் மருத்துவ முடிவுக்கு ஆகாது. தயாரிக்கும் நிறுவனங்களே அப்படித்தான் சொல்கின்றன. உயரத்துக்கு வந்தபின் தலைவலி, பசியின்மை, வாந்தி, தலைசுற்றல் இருந்தால் எண் என்னவாக இருந்தாலும் அதற்கு மேல் ஏறக்கூடாது. நேர்க்கோட்டில் நடக்கத் தடுமாறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும், இரவானாலும் சரி. 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள்.

ஆபத்தில் யார் வருவார்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் வரும்போது டவர் இல்லாமலே செய்தியும் ஆபத்து அழைப்பும் அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியைக் கொண்டுவருகிறேன் என்றால், தயவுசெய்து வேண்டாமென்று சொல்லுங்கள். அது இரிடியம் செயற்கைக்கோள்களை நம்பி இயங்குவது. இந்தியாவில் உரிமமில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். 2024 இறுதியில் கோவா விமான நிலையத்தில் வெளிநாட்டுப் பயணி ஒருவர் இதற்காகவே பிடிபட்டார். வெளிநாட்டு மலைகளில் உயிர்காக்கும் பொருளாக மதிக்கப்படுவது இங்கே வழக்கில் கொண்டுபோய் விடுகிறது என்பது எனக்கு வருத்தம்தான், ஆனால் சட்டம் அப்படி இருக்கிறது. ஐபோன் 14-லிருந்து வரும் செயற்கைக்கோள் அவசர அழைப்பையும் நம்பி இருக்காதீர்கள். போன் அதேதான், சேவை இந்தியாவில் தரப்படவில்லை.

காஷ்மீர், லடாக் போகிறவர்கள் கவனிக்க: நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். உங்கள் நிறுவனத்தின் டவர் இல்லாத இடத்திலும் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டினால் அவசர உதவி எண் 112-க்கு அழைப்பு போக வாய்ப்பிருக்கிறது, முயன்று பாருங்கள். பேச முடியாத அளவுக்கு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் எஸ்எம்எஸ் சில சமயம் போய்விடும். எல்லாவற்றையும்விட உறுதியானது, கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்தத் தடம், யாரோடு, எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் எந்த வனச்சரக அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது. லைவ் லொகேஷன் டவர் இருக்கும் வரைதான்.

கை, காது, காடு

வெள்ளியங்கிரிக்கு இரவில் ஏறுகிறவர்கள் ஒரு கையில் மூங்கில் தடியும், மறு கையில் போன் டார்ச்சுமாகப் போவதைப் பார்க்கலாம். கால் வழுக்கினால் பிடிக்கக் கையில்லை, போனும் பாறையில் விழும், வழியில் உதவிக்கு அழைக்க வேண்டிய சார்ஜும் வெளிச்சத்திலேயே தீரும். புது போனுக்குச் செலவழிப்பதில் மிகச் சிறிய பங்கு போதும், ஒரு நல்ல ஹெட்லேம்ப்புக்கு. ப்ளூடூத் ஸ்பீக்கரைக் காட்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். இயர்போனும் காதில் வேண்டாம். யானை பக்கத்தில் நிற்பதைக் கிளை முறியும் சத்தம்தான் முதலில் சொல்லும்.

ட்ரோன் 250 கிராமுக்குள் இருந்தால் பொழுதுபோக்காகப் பறக்கவிட விமானி சான்றிதழ் தேவையில்லை என்று 2021 ட்ரோன் விதிகள் சொல்வது உண்மை. அதனால் சரணாலயத்தில் பறக்கவிடலாம் என்று ஆகாது. வனத்துறை அனுமதி தனி. அரிய ஆர்க்கிட் பூவையோ கூட்டையோ படமெடுத்துப் போட்டால் இருப்பிடத் தகவலை நீக்கிவிட்டுப் போடுங்கள். 2018-ல் மூணாறில் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030-ல் வரும். அப்போது எத்தனை கால்கள் அங்கே மிதிக்கும் என்பதில் நாம் பகிரும் இடக்குறிக்கும் பங்கு இருக்கிறது.

திரும்பி வந்தபின்

ஐபி68 என்று போனுக்குப் போடும் நீர் புகாத் தரம், பெட்டி பிரித்த புது நிலையில், சுத்தமான நீரில் சோதித்தது. ஒரு முறை கீழே விழுந்த போனுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. மழையில் நனைந்து வந்த போனைப் பழக்க தோஷத்தில் உடனே சார்ஜில் போடாதீர்கள். துளையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து நீரைத் தட்டிவிட்டு, காற்றாடியின் கீழே சில மணி நேரம் உலர விடுங்கள். பவர் பேங்கை அடுத்த பயணம் வரை காலியாகவும் வைக்காமல், முழுசாகவும் நிரப்பாமல், பாதி சார்ஜில் எடுத்து வையுங்கள். பக்கவாட்டில் தையல் விரிந்து லேசாகப் புடைத்திருந்தால், இன்னும் வேலை செய்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.