ஒரு சின்ன கிளப்பின் வரலாற்றை எழுதுவது எப்படி: கேப் கோஸ்ட் ட்வார்ஃப்ஸை முன்வைத்து

கானா கால்பந்து என்றாலே ஹார்ட்ஸ் ஆஃப் ஓக், அசாண்டே கொட்டோக்கோ என்று இரண்டு பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேப் கோஸ்ட் நகரத்து ட்வார்ஃப்ஸ் மாதிரி கிளப்புகளைப் பற்றி எழுத ஆளில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அதனால்தான் பல வருடமாக அந்தக் கிளப்பின் கதையைச் சேர்த்துவருகிறேன். நீங்களும் இப்படி ஒரு கிளப்பை எடுத்து எழுத நினைத்தால், நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

கோப்பைகளில் தொடங்க வேண்டாம். ட்வார்ஃப்ஸ் லீக் பட்டம் வென்றது 1966இல் ஒரே ஒரு முறை. எஃப்.ஏ. கோப்பை என்ற நாக்-அவுட் கோப்பை 1968இல். அதை மட்டும் வைத்தால் இரண்டு வரியில் கதை தீர்ந்துவிடும். ஊரில் தொடங்குங்கள். கோல்ட் கோஸ்ட்டின் (கானாவின் பழைய பெயர்) முதல் கால்பந்துக் கிளப்பான எக்செல்சியர் 1903இல் கேப் கோஸ்டில்தான் உருவானது. அரசு ஆண்கள் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஜமைக்காக்காரர் பிரிட்டன், படிப்பை முடித்த இளைஞர்களைச் சேர்த்தார். விக்டோரியா பூங்காவில் நிலா வெளிச்சத்தில் ரகசியமாகப் பயிற்சி எடுத்தார்கள் என்று சொல்வார்கள். அந்த வருடம் டிசம்பர் 26 அன்று எல்லார் முன்னிலையிலும் ஆடினார்கள். அப்புறம் ஊரில் புதுப்புது அணிகள் முளைத்தன. 1930களில் பிறந்த ட்வார்ஃப்ஸுக்கு வெனமஸ் வைப்பர்ஸ் உள்ளூர்ப் போட்டியாளர். இந்த மண்ணைக் காட்டாமல் கிளப்பைக் காட்ட முடியாது.

அடுத்து பெயர்களைப் பட்டியலிடுங்கள். மிஸ்டீரியஸ் ட்வார்ஃப்ஸ், எபுசுவா ட்வார்ஃப்ஸ், வெறும் கேப் கோஸ்ட் ட்வார்ஃப்ஸ் என்று ஒரே கிளப் பல பெயரில் வரும். ஒன்றை மட்டும் தேடினால் பல வருடங்கள் விட்டுப்போகும். 1902இல் தொடங்கிய கோல்ட் கோஸ்ட் லீடர் பத்திரிகை கேப் கோஸ்டிலேயே அச்சானது. பிற்காலத்துக்கு 1950இல் வந்த டெய்லி கிராஃபிக் நாளிதழ் உதவும். ஊரிலேயே அரசு ஆவணக் காப்பகக் கிளை இருக்கிறது. முதலில் அங்கே போய் ஆரம்பியுங்கள்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: கிளப், ஊர், நாடு. 1966ஆம் வருடப் பக்கத்தை இப்படிப் பிரித்தபோது எனக்கே வேறாகத் தெரிந்தது. 1961இல் அப்போதைய அதிபர் குவாமே இன்க்ருமாவின் ஆதரவோடு உருவான ரியல் ரிபப்ளிகன்ஸ், மற்றக் கிளப்புகளின் சிறந்த வீரர்களை எடுத்துக்கொண்டது. 1962 முதல் 1965 வரை எஃப்.ஏ. கோப்பையை விடவே இல்லை. 1966 பிப்ரவரி 24 அன்று ராணுவம் இன்க்ருமாவைக் கவிழ்த்தது. அந்த அணியும் கலைந்தது. அதே வருடம் ட்வார்ஃப்ஸ் சாம்பியன். இதனால்தான் அது என்று உடனே எழுதிவிடாதீர்கள். முதலில் இரண்டு சீசனின் வீரர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யார் எங்கே திரும்பினார்கள் என்று. அந்த வேலை அலுப்பாக இருக்கும், ஆனால் வரலாற்றில் பாதி அதில்தான் இருக்கிறது.

பெரியவர்களிடம் பேசப்போனால் வருடம் கேட்காதீர்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள், கோல்கீப்பர் என்ன போட்டிருந்தார் என்று கேளுங்கள். ராபர்ட் மென்சா பெயரை எடுத்தாலே பேச்சு தொப்பிக்குப் போய்விடும். ட்வார்ஃப்ஸில் ஆடி, பின்னர் கொட்டோக்கோவுக்குப் போன கோல்கீப்பர் அவர். ஆப்பிரிக்கக் கிளப்புகளுக்கான சாம்பியன் கோப்பையில், கின்ஷாசாவில் காங்கோவின் எங்கல்பெர் அணிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கடைசி நேரத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. தொப்பியில் ஏதோ மந்திரம் இருக்கிறது, கழற்று என்றார்களாம், கழற்றினாராம், பந்து வெளியே போனதாம். சொல்பவருக்குச் சொல்பவர் கதை மாறும். எல்லா வடிவத்தையும், சொன்னவர் அந்த ஆட்டத்தை எப்படி அறிந்தார் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்கும் உரிமை நமக்கு இல்லை.

தேதியில் மட்டும் கறாராக இருங்கள். அந்தக் கோப்பை 1970ஆம் வருடத்தது, ஆனால் இறுதி ஆட்டம் நடந்தது 1971 ஜனவரியில். டெமா என்ற கானா துறைமுக நகரில் ஒரு மதுக்கடைத் தகராறில் உடைந்த பாட்டிலால் குத்தப்பட்டு, 1971 நவம்பரில் மென்சா இறந்தார். கேப் கோஸ்ட் அவர் பெயரைத் தன் சிவ்டு மைதானத்துக்கு வைத்தது. 2016இல் 15,000 இருக்கையோடு புது ஸ்டேடியம் வந்துவிட்டது. பழைய மைதானத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.

எழுதியதை அச்செடுக்கும்போது ஓரத்தில் அகலமாக இடம் விடுங்கள். கிளப்புக்கு ஒரு பிரதி, நீங்கள் பேசிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி. ஒரு மாதம் கழித்துப் போய், பேனாவால் எழுதிய திருத்தங்களோடு அவற்றை வாங்கிவந்து, அப்புறம் இரண்டாம் பதிப்பைத் தொடங்குங்கள்.