மரத்துப்போன காலை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் முறை

வேலூர்ப் பக்கம் கால் மரத்துப்போனவர்களுக்குப் பிசியோதெரபி செய்கிற வேலை எனக்கு. சர்க்கரையால் மரத்தவர்களும் வருகிறார்கள், தொழுநோயால் மரத்தவர்களும் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். ஏன் மரத்தது என்று புரிந்தவர்கள்தான் அதை விடாமல் செய்கிறார்கள் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெருவிரலில் முள் குத்தியதைச் சொல்லும் நரம்புச் செல்லின் உடலம் காலில் இல்லை. இடுப்புக்கு நேராக, முதுகெலும்பை ஒட்டிய ஒரு சின்ன முடிச்சுக்குள் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் ஆக்சான் என்கிற இழை தொடை, கெண்டைக்கால், கணுக்கால் எல்லாம் தாண்டி விரல் நுனிக்கு வருகிறது. ஒரே செல், சுமார் ஒரு மீட்டர் நீளம். இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி அந்த உடலத்தில் தயாராகி இவ்வளவு தூரம் வந்து சேர வேண்டும். அதனால்தான் சர்க்கரையில் மிக நீளமான இழைகள் முதலில் அடிபடுகின்றன. மரப்பு பாதத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏறுகிறது.

இழையைச் சுற்றி ஸ்வான் செல்கள் உண்டு. குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள் இலையைச் சுருட்டுவதுபோல, ஒவ்வொரு ஸ்வான் செல்லும் தன் சவ்வை இழைமேல் பல சுற்றுச் சுற்றுகிறது. அதுதான் மையலின் உறை. ஒரு செல் மூடுவது ஒரு மில்லிமீட்டர் அளவு அல்லது அதற்கும் குறைவு. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அதற்குப் பெயர் ரான்வியர் கணு. செய்தி கணுவுக்குக் கணு தாவிப் போவதால் தொடு உணர்ச்சி வேகமாக மூளைக்குப் போகிறது. உறை இல்லாத மெல்லிய வலி இழைகளில் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

தொழுநோய்க் கிருமி குடியேறுவது இந்த ஸ்வான் செல்லுக்குள். உடலில் குளிர்ச்சியான இடம் அதற்குப் பிடிக்கும். அதனால் தோலை ஒட்டி ஓடும் நரம்புகளைப் பிடிக்கிறது: முழங்கையின் உட்புறம், முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம், உள் கணுக்காலுக்குப் பின்புறம். கைகால் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1946ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், வலி தெரியாமல் படுகிற காயங்கள்தான் விரல்களைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டினார். காயத்தைத் தடுத்தால் விரலைக் காப்பாற்றலாம். நான் செய்கிற வேலை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். தினமும் ஒரே நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, கொப்புளம், வீக்கம், விரலிடுக்கில் ஈரம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பிறகு புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டுப் பாருங்கள். ஒரு இடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே புண் உருவாகத் தொடங்கியிருக்கலாம். அன்றே நடையைக் குறையுங்கள், மறுநாளும் சூடு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். (கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் இதை வேறொருவர் செய்ய வேண்டும்.)

வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் செத்திருக்கும். அதனால் தோல் காய்ந்து பித்தவெடிப்பு வரும். புண் இல்லாத பாதத்தைச் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவைத்து, தடித்த தோலைக் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். விரலிடுக்கை மட்டும் துடைத்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம். வெந்நீர் கூடவே கூடாது, ஒத்தடமும் கூடாது. கால் ஆணியை பிளேடால் வெட்டவே வெட்டாதீர்கள்.

செருப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பாதத்துக்கு அடியில் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர், பின்னால் வார், ஆணி அடிக்காத செருப்பு. ஹவாய்ச் செருப்பு கழன்று விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. போடுமுன் கவிழ்த்துத் தட்டி, அடிப்பாகத்தையும் தடவிப் பாருங்கள். ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெரியவரின் செருப்பில் சீமைக்கருவேல முள் ஏறி, அவர் பாதத்துக்குள் பாதி இறங்கியிருந்தது. நான் காட்டும்வரை அவருக்குத் தெரியாது.

இங்கே மே மாதத் தார்ரோட்டிலும் கோயில் பிராகாரத்துக் கல்லிலும் ஒரு சுற்றிலேயே பாதம் வெந்துவிடும். திருவண்ணாமலை கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர். மரத்த காலோடு வெறுங்காலில் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. ஆட்டோவில் சுற்றுங்கள், அதுவும் வலம் வருவதுதான்.

தோலில் நிறம் மங்கிய, உணர்ச்சியில்லாத படை இருந்தால் தேமல் என்று விட்டுவிடாதீர்கள், தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கூட்டு மருந்து இலவசம், ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட வேண்டும். மரப்போ விரல் பலவீனமோ புதிதாக வந்து ஆறு மாதத்துக்குள் டாக்டரிடம் போனால் நரம்பைத் திரும்பப் பெற வாய்ப்பு அதிகம். அறுந்த இழை வளர்ந்தாலும் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் வளரும், அதனால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். புண்ணில் நாற்றம், கருப்பு நிறம், காய்ச்சல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அந்தக் காலை ஊன்றாமல்.