புள்ளி ஆந்தையைப் படம் எடுப்பதும் எடிட் செய்வதும்

ஆந்தைப் படம் பழகுவதற்குப் புள்ளி ஆந்தையைவிட ஏற்ற பறவை கிடையாது. காட்டுக்குப் போக வேண்டியதில்லை; கண்மாய்க்கரைப் புளியமரம், ஆற்றங்கரை மருதமரம், ஊர்ப் பொது ஆலமரம், தலை ஒடிந்த மொட்டைப்பனை என்று பொந்துள்ள பழைய மரம் எதிலும் ஒரு சோடி குடியிருக்கலாம். 21 செ.மீ. அளவுதான். ஆனால் பகலிலும் பொந்து வாசலுக்கு வந்து உட்காரும் என்பதால் வெளிச்சத்தில் எடுக்க முடியும்.

பொந்தைக் கண்டுபிடிக்க மேலே அண்ணாந்து தேடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். ஒரே இடத்தில் வெள்ளையாக எச்சம், அதற்குப் பக்கத்தில் வண்டின் ஓடும் எலும்புத் துணுக்கும் கலந்த சின்ன உருண்டைகள் கிடந்தால் நேர் மேலே ஆந்தை அடைகிற கிளை இருக்கிறது. அணிலும் தவிட்டுக்குருவியும் கரிச்சானும் ஒரே மரத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தாலும் நின்று கவனிக்கலாம். மார்கழி, தை மாதக் காலைகளில் வெயில் ஏறும்போது பொந்து வாசலில் குளிர் காயும். கிழக்கு பார்த்த பொந்தாக இருந்தால் அந்த நேரத்து வெளிச்சம் நேராக முகத்தில் விழும். இன்னொரு நல்ல நேரம், சூரியன் மறைவதற்கு முன்னும் பின்னுமாக ஒரு அரைமணி.

கிட்டே போவதில்தான் பெரும்பாலான படங்கள் கெடுகின்றன. மரத்தை நோக்கி நேராக நடக்காதீர்கள். வேறெங்கோ போகிறவர் போலச் சாய்வாக நடந்து, ஆந்தை திரும்பிப் பார்த்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். சாலையோர மரமென்றால் காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி உள்ளிருந்தே எடுப்பது இன்னும் நல்லது. இன்ஜின் ஓடினால் அதன் அதிர்வே படத்தைக் கலக்கிவிடும்.

எந்தத் தூரம் போதும் என்பதற்குக் கணக்கு உண்டு. 1.5 மடங்கு க்ராப் சென்சார் (முழுச்சட்ட சென்சாரைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 500 மி.மீ. லென்ஸ் வைத்து 20 மீட்டரில் நின்றால், கிடைமட்டச் சட்டத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆந்தை நிரப்பும். 12 மீட்டரில் பாதிக்கு மேல். அதற்கும் கிட்டே போகத் தேவையே இல்லை. 150-600 வகை ஜூம் லென்ஸ்கள் இதற்குத் தாராளமாகப் போதும்.

ஆந்தையின் உடம்பைப் படிக்கத் தெரிய வேண்டும். பகலில் கண்ணைப் பாதி மூடி, உடம்பை உப்பலாக வைத்து உட்கார்ந்திருந்தால் அது நிம்மதியாக இருக்கிறது. உடம்பை ஒட்டி மெலிதாக்கிக்கொண்டு நிமிர்ந்தாலோ, நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினாலோ, நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம். ஐந்து பத்து மீட்டர் பின்னால் வர வேண்டும். பலரும் கொண்டாடுகிற "முறைத்துப் பார்க்கும் ஆந்தை" படங்களில் நிறைய, மிரண்ட ஆந்தையின் படங்கள். பகலில் பறந்து வெளியேறினால் காக்கைகள் விரட்டிக் கொத்தும். அரைக்கண் மூடிய முகமே இந்தப் பறவையின் உண்மையான பகல் முகம். அதை விரும்பி எடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை முட்டையும் குஞ்சுமாக இருக்கும் காலம். பொந்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தால் தாய் தந்தை இரை கொண்டுவரத் தயங்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில், பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு கொடுப்பதும் "வேட்டை" என்ற வரையறைக்குள்ளேயே வருகிறது. பொந்தை மறைக்கும் கிளையை வெட்டுவது, மரத்தைத் தட்டுவது, ஒலிப்பதிவில் குரல் ஒலிக்கவிட்டு அழைப்பது, ஃபிளாஷ் அடிப்பது நான்கும் கூடவே கூடாது.

கேமரா அமைப்பு

ரா கோப்பாகவே (சென்சார் பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். உட்கார்ந்திருக்கும் ஆந்தைக்கு லென்ஸ் துளை எஃப் 6.3, ஷட்டர் 1/250 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் உச்சவரம்பு 6400. டிரைபாட் இருந்தால் 1/60 வரை இறங்கலாம். ஆனால் ஆந்தை தலையைத் திருப்பும் வேகத்தில் சில படங்கள் வீணாகும், ஆகவே மூன்று நான்காகத் தொடர்ந்து எடுக்க வேண்டும். பறக்கும்போது 1/1600-க்குக் குறையக் கூடாது. சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டர் உட்கார்ந்த பறவைக்கு அருமை. பறக்கும் பறவைக்குச் சென்சாரை மெதுவாகப் படிக்கும் கேமராக்களில் சிறகு கோணலாக விழும்.

ஃபோகஸ் புள்ளியை ஒற்றைப் புள்ளியாக்கிக் கண்ணில் வையுங்கள். அகலமான பகுதியைத் தேர்ந்தால் கேமரா முன்னால் உள்ள இலையைப் பிடித்துக்கொள்ளும். 12 மீட்டரில் 500 மி.மீ., எஃப் 6.3 என்றால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 15 செ.மீ. மட்டுமே. சோடியாக உட்கார்ந்து ஒன்று சற்றுப் பின்னால் இருந்தால் எஃப் 9 வையுங்கள், 20 செ.மீ. வரை கிடைக்கும்.

வெளிறிய வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை +1 கூட்டுங்கள், இல்லையேல் ஆந்தை நிழலுருவாகிவிடும். இருண்ட பொந்துக்குள் இருந்தால் நேர்மாறாக −1. காரணம், பொந்தின் கறுப்பைப் பார்த்துக் கேமரா படத்தை வெளுக்கச் செய்யும், ஆந்தையின் வெள்ளைப் புருவம் தகவலே இல்லாமல் எரிந்துபோகும். அப்படி எரிந்த புருவத்தை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

இருட்டிய பிறகு தெருவிளக்கடியில் பூச்சி பிடிக்க வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. எலெக்ட்ரானிக் ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50 வையுங்கள்.

நண்பகலில் தார்ச்சாலைக்கோ பாறைக்கோ மேலாகக் குறிவைத்தால் ஃபோகஸ் சரியாக இருந்தும் இறகு குழைந்து தெரியும். அது லென்ஸின் குறையில்லை, கானல். எடிட்டிங்கில் தீராது, காலையில் திரும்பி வர வேண்டும்.

எடிட்டிங்

படம் திருத்தும் மென்பொருளாக லைட்ரூம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் இலவசமான டார்க்டேபிள் போதும். முதலில் எல்லாப் படத்தையும் 100 சதவீதத்தில் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பாருங்கள். கண் தெளிவில்லாத படத்தைத் தயங்காமல் நீக்குங்கள்.

நாய்ஸ் (மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்) குறைப்பதை முதல் வேலையாக வையுங்கள். நாய்ஸ் இருக்கையில் ஷார்ப்னெஸைக் கூட்டினால் நாய்ஸும் சேர்ந்து கூர்மையாகத் தெரியும். லைட்ரூமின் டீநாய்ஸ் அளவு 30 முதல் 50-க்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் மார்பிலுள்ள மெல்லிய குறுக்குக் கோடுகள் அழிந்து, ஆந்தை பிளாஸ்டிக் பொம்மை போல வழவழப்பாகிவிடும்.

அடுத்து நிறம். இலை நிழலில் எடுத்த ஆந்தை பச்சை பாய்ந்திருக்கும். பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (கருஞ்சிவப்பு) இடையே நிறத்தைச் சாய்க்கும் டின்ட்டை மெஜந்தா பக்கம் 5 முதல் 15 வரை நகர்த்துங்கள். புருவம் பச்சையும் இல்லாமல் இளஞ்சிவப்பும் இல்லாமல் நிற்கும் இடமே சரியான இடம். பிறகு ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகள்) −40 அளவில் இறக்கினால் வெள்ளைப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியும். ஷேடோஸை (நிழல் பகுதிகள்) +20, +30-ஓடு நிறுத்துங்கள். பொந்தின் இருட்டைத் தூக்கினால் சாம்பல் நிறமும் புள்ளிப்புள்ளியான நாய்ஸும்தான் வெளிவரும். பொந்து கறுப்பாகவே இருக்கட்டும்.

கண்ணில் ஒரு எச்சரிக்கை. கண்ணின் மஞ்சளைப் பளிச்சிட வைக்க நிறச் செறிவைக் கூட்டினால் சிவப்புச் சேனல் நிரம்பி வழியும்; கருவிழியைச் சுற்றிய நுண்ணிய கோடுகள் மறைந்து வெறும் மஞ்சள் வட்டம் மிஞ்சும். கண்ணுக்கு மட்டும் மாஸ்க் (அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்து திருத்தும் வசதி) போட்டு எக்ஸ்போஷரை 0.2 கூட்டி, மஞ்சளின் ஒளிர்வைச் சற்றுக் குறைத்தால் விவரம் நிற்கும். இல்லாத ஒளிப்புள்ளியை வரைந்து சேர்க்காதீர்கள்.

ஆந்தைக்கு ஒரு மாஸ்க், பின்னணிக்கு ஒரு மாஸ்க். ஆந்தைக்கு டெக்ஸ்சர் +15. பின்னணிக்கு எக்ஸ்போஷர் −0.4. கிளாரிட்டியைத் தொடாமலிருப்பது நல்லது, வானத்தை ஒட்டிய தலையைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். ஷார்ப்னிங் 50, ரேடியஸ் 0.8, மாஸ்கிங் 70. ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டே மாஸ்கிங்கை நகர்த்துங்கள். மங்கிய பின்னணி முழுக்கக் கறுப்பாகி, இறகும் கண்ணும் மட்டும் வெள்ளைக் கோடாகத் தெரியும்போது விட்டுவிடுங்கள்.

24 மெகாபிக்சல் படத்தை இருபக்கமும் பாதியாக க்ராப் செய்தால் 3000×2000 மிஞ்சும். ஏ4 அச்சுக்கு அது போதும், அதற்குக் கீழே போக வேண்டாம். குறுக்கே வரும் ஒரு குச்சியை வீட்டுச் சுவர்ப் படத்தில் நீக்கலாம். போட்டிக்கு அனுப்பும் படத்தில் கூடாது, பல போட்டிகள் ரா கோப்பையும் கேட்கின்றன.

இணையத்துக்கு நீண்ட பக்கம் 2048 பிக்சல், நிற வெளி எஸ்ஆர்ஜிபி, தரம் 80 என்று ஏற்றுமதி செய்யுங்கள். அதே பெட்டியில் இடத் தகவலை நீக்கும் தேர்வையும் குறியிடுங்கள். கேமரா கைப்பேசிச் செயலியோடு இணைந்திருந்தால் ஜிபிஎஸ் தானாகவே கோப்பில் ஏறியிருக்கும். மாந்திரீகத்துக்காக ஆந்தை பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், தீபாவளியையொட்டி அது கூடுகிறது. ஆகவே படத்தின் கீழே மாவட்டப் பெயர் மட்டும் போதும். ஊர்ப் பெயரும், மரத்தை அடையாளம் காட்டும் கோயில் கோபுரமோ பேருந்து நிறுத்தமோ உள்ள அகலப் படமும் வேண்டாம்.