நீல ஆண்டலூசியன்: கண்காட்சிக் கோழியை முட்டையிலிருந்து கூண்டு வரை கொண்டு போவது எப்படி?

நல்ல நீல ஆண்டலூசியன் பெட்டையின் மார்பிலிருந்து உதிர்ந்த ஓர் இறகை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். மழைக்கு முந்தைய மேகத்தின் நிறம், அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மெல்லிய கோடு. சேலைக்குக் கரை வைத்தது போலவே இருக்கும். அதனால் அந்தக் கோட்டை இங்கே 'கரை' என்றே சொல்கிறேன். நீல நிறம் யாருக்கும் கிடைத்துவிடும். இறகைச் சுற்றி அறுபடாமல் ஓடும் கரைக்குத்தான் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது.

பெயர் ஸ்பெயினின் ஆண்டலூசியாவிலிருந்து வந்தது. ஆனால் இன்று கண்காட்சியில் பார்க்கும் வடிவத்துக்கு இதைச் செதுக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வளர்ப்பாளர்கள். கண்காட்சிக் கோழி இனம் ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் நூலைத் தரநூல் என்பார்கள். 1874இல் வந்த முதல் அமெரிக்கத் தரநூலிலேயே இதற்கு இடம் இருந்தது. லெகார்ன், மினார்க்கா ஆகிய கோழி இனங்களின் உறவுக்காரன் என்று பார்த்ததுமே தெரியும்: பெரிய ஒற்றைக் கொண்டை, வெள்ளைக் காதுமடல், சிவந்த முகம், சிலேட் நிறக் கால், வெள்ளை முட்டை. இப்போது வளர்ப்பவர்கள் மிகக் குறைவு. நான் இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு கூண்டுகளில் வளர்க்கிறேன். அந்த அளவு இடம் போதும்.

படி 1: முதலில் நிறக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பள்ளி உயிரியலில் அந்திமந்தாரை படித்திருப்பீர்கள். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வரும். இங்கேயும் அதே கதைதான். நீல மரபணு ஒன்று இருந்தால் கறுப்பு வெளுத்து நீலமாகும். இரண்டு இருந்தால் இன்னும் வெளுத்து, வெள்ளையில் சாம்பல் திட்டுத் தெறித்தாற்போல் ஆகும். இதை ஸ்ப்ளாஷ் என்பார்கள். ஒன்றுமே இல்லையென்றால் கறுப்பு.

ஆகவே நீலத்தையும் நீலத்தையும் இணைத்தால் 20 குஞ்சில் சுமார் 10 நீலம், 5 கறுப்பு, 5 ஸ்ப்ளாஷ். நீலமும் கறுப்பும் சேர்ந்தால் பாதிப் பாதி. நீலமும் ஸ்ப்ளாஷும் சேர்ந்தால் பாதி நீலம், பாதி ஸ்ப்ளாஷ். கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் இணைத்தால் குஞ்சு அத்தனையும் நீலம்!

அந்தக் காலத்து வளர்ப்பாளர்கள் கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் கழிசல் என்று ஒதுக்கினார்கள். ரத்தம் சுத்தமில்லாததால் இவை பிறக்கின்றன என்று நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் மரபியல் ஆய்வாளர்கள் பேட்சனும் புன்னெட்டும் இந்தக் கோழிகளை ஆராய்ந்தபோதுதான் உண்மை தெளிவானது. எத்தனை தலைமுறை கழித்துக்கட்டினாலும் நீலம் தனியாக நிலைக்காது. ஒதுக்கிய இரண்டையும் இணைத்தால்தான் முழுக்க நீலம் வரும்.

புதியவர்கள் பலரும் குழம்பும் இடம் ஒன்று: லாவெண்டர் நிறம் வேறு, இந்த நீலம் வேறு. லாவெண்டர் ஒடுங்கு மரபணுவால் வருவது, அதாவது தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் நிறம் வெளியே தெரியும். லாவெண்டரும் லாவெண்டரும் சேர்ந்தால் குஞ்சும் லாவெண்டர்தான். அதில் கறுப்புக் கரை கிடையாது. விற்பவர் இரண்டையும் ஒன்றாகப் பேசினால் வாங்காதீர்கள்.

படி 2: தாய்க்கூட்டத்தைச் சேருங்கள்

ஒரு சேவல், இரண்டு மூன்று பெட்டைகள். தொடங்க இது போதும். முட்டையாக வாங்குவதைவிட வளர்ந்த பறவைகளாக வாங்குங்கள், ஒரே வளர்ப்பாளரிடமிருந்து. அவருடைய கூட்டத்தில் கரை தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்க வேண்டும். நீல மரபணு மட்டும் கரையைத் தந்துவிடாது. அதற்கு வேறு மரபணுக்களும் கூடி வர வேண்டும். வேறு இனத்துக் கறுப்புக் கோழியைக் கொண்டுவந்து சேர்த்தால் நீலம் வரும், கரை கலைந்துபோகும்.

நீலம், கறுப்பு, ஸ்ப்ளாஷ் மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து கிடைத்தால் விடாதீர்கள். முதல் வருடம் நான் கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் முட்டைக்காகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டு நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். தொடர்ந்து நீலத்தோடு நீலத்தையே இணைத்ததில் மூன்றாம் தலைமுறையில் நிறம் வெளிறி, கரையும் மங்கிவிட்டது. மறுபடி ஒரு கறுப்புப் பெட்டையைத் தேடிப் பிடித்துச் சேர்த்த பிறகே நிறம் ஆழமானது.

கறுப்பிலும் ஸ்ப்ளாஷிலும் கரை கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? கூடப் பிறந்த நீலங்களைப் பாருங்கள். அக்கா தங்கைகளுக்குக் கரை நன்றாக இருந்தால், இந்தக் கறுப்புக்குள்ளும் அது இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்தில் சிவப்போ செம்பு நிறமோ தெரிந்தால் மட்டும் அதை இனப்பெருக்கத்துக்கு வைக்காதீர்கள்.

படி 3: இணை சேர்ப்பதும் அடை வைப்பதும்

வேறு சேவலோடு இருந்த பெட்டையை மூன்று வாரம் தனியே வையுங்கள். சேவலை விட்டுப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரம் வரை கரு கூடிய முட்டை வரும். அவசரப்பட்டால் யார் அப்பன் என்றே தெரியாது.

இந்த இனப் பெட்டைகள் பெரும்பாலும் அடை உட்காராது. இன்குபேட்டர் வேண்டும், அல்லது சில்க்கி போன்ற அடைக்கோழி வேண்டும். முட்டைகளைக் குளிர்ச்சியான அறையில் ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்காதீர்கள். விசிறி உள்ள இன்குபேட்டர் என்றால் 37.5 டிகிரி. 18ஆம் நாள் வரை திருப்புங்கள், பிறகு திருப்புவதை நிறுத்தி ஈரப்பதத்தைக் கூட்டுங்கள். 21ஆம் நாள் குஞ்சு.

படி 4: குஞ்சு காய்ந்ததும் நோட்டை எடுங்கள்

புகை நிறத்தில் இருப்பது நீலம். கறுப்பு முதுகும் வெளிறிய வயிறுமாக இருப்பது கறுப்பு. மிக வெளிர் சாம்பலாக, கிட்டத்தட்ட வெள்ளையாக இருப்பது ஸ்ப்ளாஷ். அன்றே காலில் நிற வளையம் போட்டு, எந்தத் தாய், எந்தச் சேவல், என்ன நிறம் என்று எழுதிவிடுங்கள். நாளை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் குஞ்சுகள் கலந்துபோகும். கறுப்பையும் ஸ்ப்ளாஷையும் தேர்ந்தெடுக்க உங்களிடம் இருக்கப்போகும் ஒரே ஆதாரம் இந்த நோட்டுதான்.

பிறகு குஞ்சு வளர வளர, காலுக்கேற்ப வளையத்தை மாற்றுங்கள். இறுகிப்போனால் கால் வீங்கிவிடும்.

படி 5: தரம் பார்ப்பது

ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை இது. கால்விரல் கோணல், அலகு கோணல் ஆகியவற்றை முதல் வாரங்களிலேயே பார்த்துவிடலாம். கொண்டை வளரத் தொடங்கியதும் அதன் பக்கவாட்டில் கூடுதல் முளை கிளம்புகிறதா என்று பாருங்கள். அது பெரிய குறை. குஞ்சுகளுக்கும் போகும். அந்தப் பறவை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

கரையை மட்டும் அவசரப்பட்டுத் தீர்மானிக்காதீர்கள். குஞ்சு இறகில் அது மங்கலாகத்தான் இருக்கும். நாலைந்து மாதத்தில் பெரிய இறகு முளைத்த பிறகே உண்மையான கரை தெரியும்.

அந்த வயதில் பறவையைக் கண் மட்டத்துக்கு ஒரு மேசையில் நிறுத்துங்கள். முதலில் நிறத்தை மறந்துவிட்டு உருவத்தைப் பாருங்கள். நீண்ட உடல், நிமிர்ந்த நிற்பு, நீண்ட கால். வால் உயர்ந்திருக்கலாம், ஆனால் அணில் வால் மாதிரி முதுகுப் பக்கம் மடங்கக் கூடாது. சேவலின் கொண்டை நிமிர்ந்து நிற்க வேண்டும். முட்டையிடும் பெட்டையின் கொண்டை ஒரு பக்கம் சாய்வது குறையல்ல, அதுதான் அழகு. காதுமடல் வெண்மையாக, மழமழப்பாக இருக்க வேண்டும். அந்த வெண்மை முகத்துக்குள் பரவினால் பெரும் குறை. குறிப்பாக இளம் பறவையில் அது தெரிந்தால் கூண்டுக்கு அனுப்பாதீர்கள்.

இப்போது கையில் எடுங்கள். மார்பு இறகைச் சற்றே தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். உட்பரப்பு தெளிந்த சிலேட் நீலமாக, புகைபடியாமல் இருக்கிறதா? கரை இறகைச் சுற்றி நுனி வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா, நுனியில் மட்டும் குதிரை லாடம் போல் நின்றுவிடுகிறதா? மார்பில் நன்றாக இருந்து தொடையில் காணாமல் போகிறதா? சேவலில் கழுத்து, முதுகு, இடுப்பு இறகுகள் கறுப்போட மின்னும். கரையை மார்பிலும் தொடையிலும்தான் தேட வேண்டும். அதனால் சேவலைப் பெட்டையோடு ஒப்பிட்டுக் கழிக்காதீர்கள்.

அடுத்து இறக்கையை விரித்துப் பாருங்கள். துருநிறமோ வெள்ளை இறகோ இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். காலில் மஞ்சளோ பச்சையோ கூடாது.

எல்லாம் ஒரே பறவையில் அமையாது. எனக்குக் கரை மிக நன்றாக இருந்து உடல் குட்டையான பெட்டை ஒன்று வந்தது. உடல்வாகு நல்ல ஸ்ப்ளாஷ் சேவலோடு அதை இணைத்தேன். இரண்டுக்கும் ஒரே குறை இருந்தால் மட்டும் இணைக்காதீர்கள்.

படி 6: கண்காட்சிக்குத் தயார் செய்வது

நீல நிறத்துக்கு வெயில் ஆகாது. பல வாரம் வெயிலில் திரிந்தால் இறகு பழுப்பேறும், அடுத்த இறகுதிர்ப்பு வரை அது மாறாது. தேர்ந்தெடுத்த பறவைகளை நிழலான, கூரையுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இங்கே குளிர்காலத்தில் கொண்டை நுனி உறைபனியில் கருகும், அதனால் இரவில் வாசலின் தடவுகிறேன்.

கண்காட்சிக் கூண்டு போன்ற ஒன்றில் இரண்டு வாரம் பழக்குங்கள். தினமும் சின்னக் குச்சியால் மெல்லத் தொட்டு நிமிர்ந்து நிற்கச் செய்யுங்கள். ஆண்டலூசியன் படபடப்பான பறவை. மிரண்டு மூலையில் ஒடுங்கிவிட்டால் நடுவருக்கு அதன் நிற்பே தெரியாது.

மூன்று நாள் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுங்கள். மென்மையான ஷாம்பு, இறகு போகும் திசையிலேயே தேய்த்து, இரண்டு முறை நல்ல நீரில் அலசுங்கள். கதகதப்பான அறையில் முழுக்கக் காயட்டும். நகமும் கால் செதிலும் பழைய டூத் பிரஷ்ஷால் சுத்தமாகும். காலையில் கிளம்பும் முன் காதுமடலை ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள், கொண்டையில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

நடுவர் எழுதிய குறிப்பு கிடைத்தால் அதை அப்படியே நோட்டில், அந்தப் பறவையின் வளைய எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்ளுங்கள். 'தொடையில் கரை மங்கல்' என்று போன வருடம் என் பெட்டை ஒன்றுக்கு ஒரு குறிப்பு வந்தது. இந்தப் பருவத்துக்கு அந்தப் பெட்டையை எதோடு சேர்ப்பது என்று யோசித்தபோது அந்த வரியைத்தான் திறந்து வைத்திருந்தேன். தொடைவரை கரை ஓடிய ஒரு நீலப் பெட்டையின் கறுப்புத் தம்பி இப்போது அதோடு கூண்டில் இருக்கிறான். முதல் பன்னிரண்டு முட்டை இன்குபேட்டரில்.