ஓப்பன்ஓசிடி பில்ட்: யூஎஸ்பி அடாப்டர் டிரைவரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் புரோகிராம் ஏற்றவும் பிழை தேடவும் உதவும் ஓப்பன்ஓசிடியை சோர்ஸிலிருந்து பில்ட் செய்கிறீர்கள். சிஸ்டத்தைச் சோதித்து பில்டுக்குத் தயார்செய்யும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டவில்லை, மேக் முடிந்தது, இன்ஸ்டாலும் ஆயிற்று. போர்டைச் செருகி ஓட்டினால், நீங்கள் கேட்ட அடாப்டருக்கான (கணினியையும் போர்டையும் இணைக்கும் யூஎஸ்பி சாதனம்) டிரைவரே இல்லை என்கிறது. உடனே கேபிளை மாற்ற வேண்டாம், வேறு அடாப்டர் வாங்கவும் வேண்டாம். கோளாறு பெரும்பாலும் கான்ஃபிகர் ஓடியபோதே நுழைந்திருக்கும்.

யூஎஸ்பி டிரைவர்கள் பலவும் அங்கே 'ஆட்டோ' நிலையில்தான் இருக்கின்றன. தேவையான லைப்ரரி கிடைத்தால் டிரைவரைச் சேர்த்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அதை விட்டுவிட்டு மேலே போய்விடும். அதனால் கான்ஃபிகரை வெறுமனே ஓட்டுவதுதான் முதல் தவறு. எஃப்டிடிஐ நிறுவனத்தின் எஃப்டி2232 சிப் உள்ள அடாப்டர் என்றால் '--எனேபிள்-எஃப்டிடிஐ' என்று வாய்விட்டுக் கேளுங்கள். அப்போது லைப்ரரி இல்லையென்றால் கான்ஃபிகர் அங்கேயே நின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்துத் தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

கான்ஃபிகர் முடிவில் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு அடாப்டருக்கும் நேராக 'எஸ்' அல்லது 'நோ' என்று போட்டிருக்கும். அதைப் படிக்காமல் மேக் கொடுக்காதீர்கள்.

லைப்ரரி விஷயத்தில் பெயரே ஆளை ஏமாற்றும். எஃப்டிடிஐ டிரைவர்தானே என்று லிப்எஃப்டிடிஐயை நிறுவிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அந்த டிரைவருக்கு வேண்டியது லிப்யூஎஸ்பி 1.0. எஸ்டி-லிங்க் அடாப்டருக்கும் அதுவே. லிப்எஃப்டிடிஐ கேட்பவை யூஎஸ்பி-பிளாஸ்டர், ஓப்பன்ஜேடேக் போன்ற சில அடாப்டர்கள். சிஎம்எஸ்ஐஎஸ்-டேப் அடாப்டர்களில் ஹெச்ஐடி (கீபோர்டு, மவுஸ் பயன்படுத்தும் யூஎஸ்பி முறை) வழியாகப் பேசும் பழைய வகைக்கு ஹிட்ஏபிஐ வேண்டும், ஜே-லிங்க்குக்கு லிப்ஜேலிங்க்.

லைப்ரரி ஏற்கெனவே சிஸ்டத்தில் இருக்கிறதே என்றால், டெபியன், உபுண்டுவில் அது போதாது. ஹெடர் ஃபைல்கள் 'டெவ்' என்று முடியும் தனிப் பேக்கேஜில் இருக்கின்றன, அதையும் போட வேண்டும். போட்ட பிறகு மேக்கை மட்டும் திரும்ப ஓட்டினால் எதுவும் மாறாது. கான்ஃபிகரிலிருந்து தொடங்குங்கள். லைப்ரரிகளைக் கண்டுபிடித்துத் தரும் பிகேஜி-கான்ஃபிக் இல்லாமல், கான்ஃபிகரை உருவாக்கும் பூட்ஸ்ட்ராப் ஸ்கிரிப்டை ஓட்டியிருந்தால் கான்ஃபிகர் புரியாத சின்டாக்ஸ் பிழை காட்டும். பிகேஜி-கான்ஃபிக்கை நிறுவிவிட்டு பூட்ஸ்ட்ராப்பையே மறுபடி ஓட்ட வேண்டும்.

எல்லாம் 'எஸ்' என்று வந்தும் டிரைவர் இல்லை என்றால், ஓடுவது எந்த ஓப்பன்ஓசிடி என்று பாருங்கள். ஆப்ட் வழியாக முன்பு போட்டது ஒன்று, நீங்கள் பில்ட் செய்தது ஒன்று என இரண்டு இருக்கலாம். '-சி' ஆப்ஷனோடு 'அடாப்டர் லிஸ்ட்' கொடுத்தால், ஓடுகிற பிரதிக்குள் என்னென்ன டிரைவர் இருக்கின்றன என்று அதுவே சொல்லும். இணையத்தில் எடுத்த பழைய கான்ஃபிக் ஃபைலில் 'எஃப்டி2232' என்ற டிரைவர் பெயர் இருந்தால், எந்த ஆப்ஷன் கொடுத்தும் பயனில்லை. அந்தப் பழைய டிரைவர் நீக்கப்பட்டுவிட்டது, இப்போது 'எஃப்டிடிஐ'தான்.

இன்னொரு தவறு, பில்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றுக்காகத் திரும்பத் திரும்ப பில்ட் செய்வது. 'லிப்யூஎஸ்பி எரர் ஆக்ஸஸ்' என்று வந்தால் டிரைவர் சரியாகவே இருக்கிறது, யூஎஸ்பி சாதனத்தைத் திறக்க உங்கள் யூசருக்கு அனுமதிதான் இல்லை. சூடோ போட்டு ஓட்டிப் பழகிவிடாதீர்கள். சோர்ஸின் கான்ட்ரிப் ஃபோல்டரில் உள்ள '60-ஓப்பன்ஓசிடி' ரூல்ஸ் ஃபைலை, லினக்ஸில் சாதன அனுமதிகளைக் கவனிக்கும் யூடெவ்வின் ரூல்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்து, ரூல்ஸை ரீலோட் செய்து, அடாப்டரைக் கழற்றி மாட்டுங்கள்.

விண்டோஸில் இதே இடத்தில் ஸாடிக் என்ற டிரைவர் நிறுவும் கருவி மூலம் வின்யூஎஸ்பி டிரைவரை மாட்டுவார்கள். எஃப்டி2232 போர்டுகளில் இரண்டு இன்டர்ஃபேஸ் உண்டு. பெரும்பாலும் 0 ஜேடேக்குக்கு (சிப்போடு நேரடியாகப் பேசிப் பிழை தேடும் இணைப்பு), 1 சீரியல் போர்ட்டுக்கு. இரண்டுக்கும் மாற்றிவிட்டால் காம் போர்ட் காணாமல் போகும். போர்டின் சர்க்யூட்டைப் பார்த்து, ஜேடேக் இருக்கும் இன்டர்ஃபேஸுக்கு மட்டும் மாற்றுங்கள்.