லேசர் சுட்டியோடு விமானம் ஏறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக்குக் கோயில் யாத்திரை போய்த் திரும்பும், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைச் சேர்ந்த குடும்பங்களின் பெட்டிகளில் பட்டுச் சேலைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவே, பேனா அளவிலான ஒரு பொருளும் சில நேரம் ஒளிந்து வருகிறது. மின்னணுக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பச்சை லேசர் சுட்டிதான் அது. விண்மீன்களைக் காட்டுவதற்கு என்று சிலரும், திருவிழா இரவில் கோபுரத்தின் மேல் புள்ளி வைத்து விளையாடுவதற்கு என்று பிள்ளைகளும், வாங்கும்போது காரணமே யோசிக்காமல் பலரும் அதை வாங்குகிறார்கள். வாங்குவது எளிது. அதோடு நாடுகளைக் கடப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் சென்னையில் ஒன்று வாங்கினேன். திரிசங்கு என்று நம் முன்னோர் சொன்ன தெற்குச் சிலுவை விண்மீன்களையும் அகத்தியர் விண்மீனையும் மலைமேலிருந்து பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. புறப்பட்ட விமான நிலையத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. விமானம் மாறும் இடத்தில் கைப்பையைத் திறந்து பார்த்த அலுவலர் அதை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டார். சொந்த ஊருக்கும் வராமல், வாங்கிய கடைக்கும் திரும்ப முடியாமல், அந்தச் சுட்டியே திரிசங்கு நிலைக்குப் போயிற்று. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பிரெஞ்சுச் சட்டத்தைப் படித்த பிறகுதான், அவர் என்னை எதிலிருந்து காப்பாற்றினார் என்பது புரிந்தது.

நான் செய்த தவறும், பெரும்பாலோர் செய்யும் தவறும் ஒன்றே: “விமானத்தில் ஏற்ற விடுவார்களா?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுவது. புறப்படும் இடத்தின் பாதுகாப்புச் சோதனை பார்ப்பது, அந்தப் பொருளால் அந்த விமானத்துக்கு ஆபத்து உண்டா என்பதை மட்டுமே. இறங்கும் நாட்டின் சுங்கம், அதாவது நம் ஊரில் எல்லோரும் ‘துவான்’ என்று சொல்லும் அலுவலகம், அந்தப் பொருள் தன் நாட்டுக்குள் இருக்கலாமா என்று பார்க்கிறது. இவை இரண்டுக்கும் நடுவில், விமானம் மாறும் நாட்டின் சோதனை தன் சொந்த விதிகளோடு நிற்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனைத் துறை லேசர் சுட்டியைக் கைப்பையிலும் செக்-இன் பெட்டியிலும் அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு, உலகம் முழுவதும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வது, சென்னை மழையைப் பார்த்து நம் தலைநகர் சேன்-தெனியில் குடை பிடிப்பதற்குச் சமம்.

ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால், பாரிசில் செல்லும் சட்டம் இங்கேயும் செல்லும். லேசர்களை அவற்றின் வலிமையை வைத்து வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள்; 2011 மார்ச் 14 தேதியிட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 2ஆம் வகுப்புக்கு மேற்பட்ட லேசர் கருவியை, அதற்கென அனுமதிக்கப்பட்ட தனிப் பயன்பாடு எதுவும் இல்லாமல் வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது ஆகிய மூன்றுமே குற்றம். அதற்கு ஆறு மாதச் சிறையும் 7,500 யூரோ அபராதமும் விதிக்கலாம். நாட்டுக்குள் கொண்டுவருவதற்கும் பிறருக்குக் கொடுப்பதற்கும் அதே தண்டனைதான், விலைக்குக் கொடுத்தாலும் இனாமாகக் கொடுத்தாலும் வேறுபாடில்லை. ஆகவே நம் ஜிலோ விமான நிலையத்தில் இறங்கும்போது “விற்பதற்காக அல்ல, என் மருமகனுக்குப் பரிசு” என்று சொல்வது நம்மைக் காப்பாற்றாது. சட்டத்தின் கண்ணில் அந்தப் பதிலே ஒரு வாக்குமூலம். மைதோ மலையில் ஏறத்தாழ 2,160 மீட்டர் உயரத்தில் உள்ள வளிமண்டல ஆய்வகத்திலிருந்து வானை நோக்கி எழும் பச்சைக் கதிரைப் பார்த்துவிட்டு, “அவர்கள் செய்யலாம், நாம் செய்யக்கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. அது அறிவியல் அளவீட்டுக்காக நிலையாகப் பொருத்தப்பட்டு, பயிற்சி பெற்றவர்கள் இயக்கும் கருவி. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் பொருளை அதோடு ஒப்பிட முடியாது.

மற்ற நாடுகளின் விதிகளும் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஆஸ்திரேலியா 2008 முதல், ஒளியின் வலிமை 1 மில்லிவாட்டுக்கு (ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட லேசர் சுட்டிகளை அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடுத்திருக்கிறது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் சிட்னியில் இறங்க வந்த பல விமானங்கள் மீது லேசர் அடிக்கப்பட்டதே அந்தக் கெடுபிடிக்கு உடனடிக் காரணம். நியூசிலாந்தும் பின்னர் அதே 1 மில்லிவாட் எல்லையை வைத்தது. சுவிட்சர்லாந்து இன்னும் கறார்: 2019இல் வந்த விதி, மிகவும் மங்கலான 1ஆம் வகுப்புச் சுட்டியை, அதுவும் கட்டடத்துக்குள் மட்டுமே விட்டுவைத்தது. கனடாவில் விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் 1 மில்லிவாட்டுக்கு மேற்பட்ட கைலேசரைத் தக்க காரணமின்றி வைத்திருப்பதற்கே 2018இல் தடை வந்தது. அப்படியானால், பையில் அதோடு விமான நிலையத்தில் வந்து இறங்குகிறவர் தடைப் பகுதியின் நடுமையத்திலேயே நிற்கிறார் என்று பொருள்.

“என்னுடையது வெறும் 5 மில்லிவாட்தான், ஒட்டியிருக்கும் சீட்டிலேயே எழுதியிருக்கிறது” என்பது அடுத்த தவறு. என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறும் இதுதான். வகுப்புகளின் எல்லையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 2ஆம் வகுப்பு 1 மில்லிவாட் வரை. 3ஆர் வகுப்பு 5 மில்லிவாட் வரை. 3பி வகுப்பு 500 மில்லிவாட் வரை. அதற்கு மேல் எல்லாம் 4ஆம் வகுப்பு. அதாவது, ஒட்டியுள்ள சீட்டு உண்மையே சொன்னாலும், 5 மில்லிவாட் சுட்டி பிரான்சின் எல்லையைத் தாண்டியதுதான். ஆனால் சீட்டு பெரும்பாலும் உண்மை சொல்வதில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 122 சுட்டிகளை அளந்து 2013இல் வெளியிட்ட முடிவில், பச்சைச் சுட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடும் சிவப்புச் சுட்டிகளில் 44 விழுக்காடும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளை மீறியிருந்தன.

பச்சைச் சுட்டியில் இவ்வளவு பிழை வருவதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. மலிவான பச்சைச் சுட்டி பெரும்பாலும் நேரடியாகப் பச்சை ஒளியைத் தருவதில்லை. முதலில் 808 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி உண்டாகி, அது ஒரு படிகத்தில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பாக மாறி, இன்னொரு படிகத்தைக் கடக்கும்போதுதான் 532 நானோமீட்டர் பச்சையாகிறது. மிஞ்சும் அகச்சிவப்பைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும். விலையைக் குறைக்க நினைக்கும் உற்பத்தியாளர் முதலில் விட்டுவிடுவது அதைத்தான். கண் கூசினால் கால் நொடிக்குள் இமை மூடிக்கொள்ளும். 2ஆம் வகுப்பின் பாதுகாப்பே அந்த அனிச்சைச் செயலை நம்பித்தான் வகுக்கப்பட்டது. அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது, எனவே இமையும் மூடாது. சுட்டி மங்கலாக எரிகிறதே என்று நாம் அலட்சியமாக இருக்கும்போது, தெரியாத ஒளி விழித்திரையைச் சுட்டுக்கொண்டிருக்கலாம்.

நீல லேசரிலும் இதே ஏமாற்று உண்டு. 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலக் கதிர், அதே ஆற்றலுள்ள பச்சைக் கதிரைவிட நம் கண்ணுக்கு இருபது மடங்குக்கும் மேல் மங்கலாகத் தெரியும். பிரகாசத்தை வைத்து வலிமையை எடைபோடுகிறவர், தீக்குச்சியைப் பற்றவைக்கக்கூடிய 1 வாட் நீலச் சுட்டியைப் ‘பரவாயில்லை’ என்று பெட்டிக்குள் போட்டுவிடுவார்.

பேட்டரி விஷயத்தில் வருவது வேறு வகைத் தவறு. வலிமையான சுட்டிகள் பெரும்பாலும் 18650 என்று அழைக்கப்படும், விரலைவிடச் சற்றுப் பருமனான லித்தியம் பேட்டரியில் ஓடுகின்றன. உபரி லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது என்பது உலகெங்கும் விமான நிறுவனங்கள் பின்பற்றும் விதி; சரக்கறையில் அது தீப்பிடித்தால் அணைக்க அங்கே ஆள் இல்லை என்பதே காரணம். 3.7 வோல்ட், 3,000 மில்லிஆம்பியர்-மணி உள்ள பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 11 வாட்-மணி. அனுமதி கேட்காமல் கொண்டுபோகக்கூடிய 100 வாட்-மணி எல்லைக்கு அது மிகவும் கீழே. எனவே அளவால் தொல்லை வருவதில்லை, கவனக்குறைவால்தான் வருகிறது. சுட்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றாமல் பெட்டிக்குள் திணித்தால், துணிகளின் அழுத்தத்தில் பொத்தான் தானே அழுந்தி, சூட்டிலேயே துணி கருகக் கூடும். கழற்றிய பேட்டரியைச் சில்லறைக் காசோடும் சாவிக்கொத்தோடும் ஒரே பைக்குள் போட்டால் முனைகள் இணைந்து மின்கசிவு உண்டாகும். தனிப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து அதைக் கைப்பையில் கொண்டுபோக வேண்டும். மேலும், 9,900 மில்லிஆம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 பேட்டரியைக் கண்டால் வாங்க வேண்டாம். அந்த அளவில் நல்ல பேட்டரிகள் 3,500ஐ ஒட்டியே நிற்கின்றன. ஒன்பதாயிரம் என்று எழுதத் துணிந்தவர், பாதுகாப்புச் சுற்றை உள்ளே வைத்திருப்பார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மறைத்துக் கொண்டுபோவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டார்ச் விளக்கு என்று பொய் சொல்வதும், பிள்ளையின் விளையாட்டுப் பொருட்களோடு கலந்து வைப்பதும், அறியாமல் நேர்ந்த பிழையை அறிந்து செய்த குற்றமாக மாற்றிவிடும். தபாலில் அனுப்பிவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறு. இறக்குமதித் தடை பொதிக்கும் பொருந்தும், பொதியின் மேல் பெறுபவரின் பெயரும் முகவரியும் தெளிவாகவே எழுதியிருக்கும்.

விமான நிலையக் காத்திருப்புக் கூடத்தில் கண்ணாடி வழியாக விமானத்தின் வாலில் புள்ளி வைத்துப் பார்க்கும் பிள்ளையை உடனே தடுக்க வேண்டும். லேசர் புள்ளி எவ்வளவு தூரம் போனாலும் புள்ளியாகவே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். சாதாரணச் சுட்டியின் கதிர் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்கும், மூன்று கிலோமீட்டரில் மூன்று மீட்டர் அகலத்துக்கும் விரிகிறது. அந்த விரிந்த ஒளி விமானியின் முன்கண்ணாடியில் பட்டுச் சிதறி, தரையிறங்கும் மிக நுட்பமான நேரத்தில் அவருக்கு ஓடுபாதையையே மறைத்துவிடும். அமெரிக்காவில் 2012 முதலும் பிரிட்டனில் 2018 முதலும் விமானத்தின் மீது லேசர் அடித்தால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இருக்கிறது. நம் தீவில் மஃபாத், சிலாவோஸ், சலாசி பள்ளத்தாக்குகளுக்குள் ஹெலிகாப்டர்கள் தாழப் பறக்கின்றன. மலைமேல் நிற்பவரின் கதிர் அவற்றைக் கீழிருந்து மட்டுமின்றிப் பக்கவாட்டிலும் மேலிருந்தும்கூடத் தாக்கக் கூடும்.

நில அளவையாளர், மேடை ஒளியமைப்பாளர் போன்று தொழிலுக்காகக் கொண்டுபோகிறவர்கள், போகும் நாட்டின் தூதரகத்திடமும் வழியில் மாறும் நாட்டின் விமான நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வது நல்லது. சாவி உள்ள கருவியானால் சாவியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். விண்மீன் காட்டுவதற்கென்றால், வெளிநாட்டிலிருந்து எதையும் சுமந்து வரத் தேவையே இல்லை. சேன்-லூயிக்கு மேலே லே மாக் வானாய்வகத்தின் பக்கம் நிலவற்ற இரவில் போய் நின்றால், இங்கேயே சட்டப்படி வாங்கக்கூடிய 2ஆம் வகுப்புப் பச்சைச் சுட்டியின் கதிரும் அருகில் நிற்பவர்களுக்கு மங்கலாகத் தெரியும். கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.