ஓட்டுத் தையல் தெரிந்தால் போதும்: முதல் சஷிகோ துண்டு தைப்பது எப்படி?

ஜப்பானியக் கைத்தையல் கலையான சஷிகோவில் இருப்பது ஒரே தையல்தான். கைத்தையல் பழகும் எவரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் ஓட்டுத் தையல். ஊசி மேலே வரும், கீழே போகும், மறுபடி மேலே வரும். இதை மட்டும் வைத்துக்கொண்டு ஜப்பானியர்கள் அலை, படிக்கட்டு, வைரம், இலை, பூ என்று ஏகப்பட்ட வடிவங்களைத் தைத்துத் தள்ளியிருக்கிறார்கள். சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரிந்தவர்கள் இந்தப் பதிவைப் பார்த்தே தைத்துவிடலாம்.

நாம் தைக்கப்போவது தம்ளர் வைக்கும் ஒரு சின்னச் சதுர விரிப்பு. பக்கத்துக்கு 12 செ.மீ.

எங்கிருந்து வந்தது?

எடோ காலத்தில் (1603–1868) வடகிழக்கு ஜப்பானின் தோஹொகு பகுதியில் ஏழை உழவர்கள் உடுத்தியது 'அசா' என்ற நார்த்துணி. அங்குள்ள குளிரில் பருத்தி விளையாது. நார்த்துணியோ இழைகளுக்கு இடையே ஓட்டை ஓட்டையாக இருக்கும், பனிக்காற்று நேராக உள்ளே புகும். போதாக்குறைக்கு ட்சுகரு ஆட்சிப் பகுதியில், அதாவது இன்றைய அவோமோரி மாநிலத்தின் மேற்குப் பக்கத்தில், 1724-இல் வந்த சிக்கனச் சட்டம் உழவர்கள் பருத்தி ஆடை உடுத்தவே கூடாது என்றது. ஆடைதானே கூடாது? வீட்டுப் பெண்கள் நார்த்துணியின் இழைகளை எண்ணி, ஓட்டைகளை நூலால் அடைத்துத் தைத்தார்கள். முதலில் நார் நூல், கிடைக்கத் தொடங்கியதும் பருத்தி நூல். சஷிகோவின் அந்த வகைக்கு கோகின் என்று பெயர். கோகினில் இழைகளை ஒற்றைப்படையில் எண்ணுவார்கள். பக்கத்து நாம்பு பகுதியின் ஹிஷிஸாஷியில் இரட்டைப்படையில் எண்ணுவார்கள். ஒரு இழை வித்தியாசத்தில் வைரத்தின் வடிவமே மாறிவிடும். கோகினில் வைரம் நெட்டையாக நிற்கும், ஹிஷிஸாஷியில் அகலமாகப் படுத்திருக்கும்.

தெற்கே யாமகாடாவின் ஷோனாய் பகுதியில் கதை கொஞ்சம் வேறு. ஒசாகா பக்கத்திலிருந்து ஜப்பான் கடல் வழியாக வடக்கே போன வணிகக் கப்பல்கள் பழைய பருத்தித் துணிகளையும் ஏற்றி வந்தன. கிழிந்த துணியானாலும் பருத்தி பருத்திதான். இரண்டு மூன்று அடுக்காக வைத்து நெருக்கித் தைத்தால் கதகதப்பான, சீக்கிரம் கிழியாத வேலை உடுப்பு தயார். எடோ நகரத்தின் (இன்றைய டோக்கியோ) தீயணைப்பு வீரர்களின் மேலங்கிகளும் இப்படிப் பல அடுக்காகத் தைத்தவைதான். தண்ணீரில் ஊறவைத்து மாட்டிக்கொண்டு தீக்குள் போவார்கள். அங்கியின் உள்பக்கத்தில் டிராகன், வீரர்கள் என்று அட்டகாசமான ஓவியம் இருக்கும். தீயை அணைத்த பிறகு அங்கியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர் பார்க்க நடப்பார்கள்!

இன்றைக்கு சஷிகோ என்றாலே சிலர் வாபி-சாபி, குறைகளின் அழகு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ட்சுகருவின் பெண்கள் குறைகளைக் கொண்டாடவில்லை. அருங்காட்சியகங்களில் இருக்கும் கோகின் துணிகளைப் பார்த்தால் தெரியும், இழை பிசகாமல் தைத்திருக்கிறார்கள். நாமும் ஒழுங்காகத் தைக்கவே பார்ப்போம்.

எந்த வகையில் தொடங்குவது?

சஷிகோவில் பெரிய பிரிவு இரண்டு. துணியில் வடிவத்தை வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டுத் தையல் போட்டுப் போவது மொயோஸாஷி. அறுகோணங்களாகப் படரும் அசானோஹா இலையும், வளைந்த அலைகளான செய்காய்ஹாவும் இதில் வருபவை. அசா செடி வேகமாக, நேராக வளரும் என்பதால், குழந்தையும் அப்படியே வளரட்டும் என்று அசானோஹாவைக் குழந்தைகளின் உடுப்பில் போடுவது வழக்கம்.

இன்னொன்று ஹிதோமெஸாஷி. இதில் வடிவத்தை வரையவே மாட்டோம். வெறும் சதுரக் கட்டம் மட்டும் போட்டு, கிடைமட்டமாக ஒரு சுற்று, செங்குத்தாக ஒரு சுற்று தைத்தால் வடிவம் தானாக வந்து நிற்கும்.

பெரும்பாலான பயிற்சிகள் அசானோஹாவில் தொடங்குகின்றன, படம் அழகாக இருக்கும் என்பதற்காக. எனக்கு அதில் உடன்பாடில்லை. அசானோஹாவில் ஒவ்வொரு இலை முனையிலும் பல கோடுகள் வந்து சந்திக்கும். அங்கே தையல் நீளத்தைச் சரிக்கட்டுவது புதியவர்களுக்குப் பெரிய தலைவலி. ஹிதோமெஸாஷியில் ஒரு கட்டத்துக்கு ஒரு தையல், நீளத்தைக் கட்டமே பார்த்துக்கொள்ளும். அதனால் இதில் தொடங்குவோம். தைக்கப்போகும் வடிவம் படிக்கட்டு. ஜப்பானில் இதை தன்ட்சுனாகி என்பார்கள்.

என்னென்ன வேண்டும்?

துணி: நெருக்கமாக நெய்யாத, மெல்லிய வெள்ளைப் பருத்தி. ஜப்பானில் இதற்கு சராஷி என்ற வெளுத்த துணியை எடுப்பார்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டி இருந்தால் தாராளமாகப் போதும். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம், ஊசி வழுக்கும். புதுத் துணி என்றால் ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள்.

நூல்: சஷிகோவுக்கென்றே முறுக்கிய, பளபளப்பில்லாத பருத்தி நூல் விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் பேர்ல் காட்டன் 8-ஆம் எண். ஆறு இழைகளாகப் பிரியும் எம்பிராய்டரி நூலிலும் தைக்கலாம், ஆனால் முறுக்கு இல்லாததால் தையல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். இந்த விரிப்புக்கு 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நூல் பிடிக்கும். கருநீலம் எடுங்கள், வெள்ளையில் எடுப்பாக இருக்கும். ஒரு முழம் நூலைச் சுடுதண்ணீரில் போட்டுச் சாயம் போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஊசி: நீளமாக, காது பெரிதாக உள்ளது. ஒரே மூச்சில் பல தையல்களை ஊசியில் கோர்க்கப்போகிறோம், குட்டை ஊசி அதற்கு ஒத்துவராது.

இவை தவிர கத்தரிக்கோல், அளவுகோல், தண்ணீரில் அழியும் துணிப் பேனா. ஜப்பானியத் தையல்காரர்கள் நடுவிரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம் சிறு தகடு வரும்படி ஒரு வளையம் மாட்டி, அந்தத் தகட்டால் ஊசியின் பின்பக்கத்தைத் தள்ளுவார்கள். இந்தச் சின்ன விரிப்புக்கு அது இல்லாமலே சமாளிக்கலாம்.

படி 1: துணியைத் தயார் செய்தல்

14 செ.மீ. சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி அடுக்கி, விளிம்பிலிருந்து 1 செ.மீ. உள்ளே தள்ளி நான்கு பக்கமும் தையுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் 5 செ.மீ. திறந்திருக்கட்டும். அந்த வாய் வழியாகத் திருப்பி, மூலைகளைக் குச்சியால் தள்ளிவிட்டு, வாயைக் கையால் தைத்து மூடுங்கள். இப்போதே இஸ்திரி போட்டுவிடுங்கள்.

இஸ்திரி இங்கேதான் போட வேண்டும், கட்டம் போட்ட பிறகு போடக் கூடாது. தண்ணீரில் அழியும் பேனா மையின் மேல் சூடு பட்டால் மை துணியில் நிரந்தரமாகத் தங்கிவிடும். அப்புறம் எத்தனை முறை அலசினாலும் போகாது.

படி 2: கட்டம்

நான்கு ஓரத்திலும் 1 செ.மீ. விட்டு, நடுவில் 10 செ.மீ. சதுரம் வரையுங்கள். அதற்குள் அரை செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் கோடுகள். ஒவ்வொரு திசையிலும் 21 கோடுகள், 20 கட்டங்கள் வர வேண்டும். இந்த 20 என்ற இரட்டைப்படை முக்கியம், ஏன் என்று கீழே தெரியும். அளவுகோலை ஒவ்வொரு கோட்டுக்கும் நகர்த்தி அளக்காமல், முதலில் நான்கு ஓரங்களிலும் புள்ளிகளை வைத்துவிட்டு எதிரெதிர்ப் புள்ளிகளை இணையுங்கள். கட்டம் கோணினால் படியும் கோணும்.

படி 3: நூலைத் தொடங்குதல்

நூல் ஒன்றரை முழம் போதும். அதற்கு மேல் போனால் சிக்கும், துணிக்குள் போய்ப் போய் வந்து நூலும் நைந்துவிடும். ஒற்றை நூலாகவே தைப்போம்.

முடிச்சு போட வேண்டாம். விரிப்பின் இரண்டு பக்கமும் வெளியே தெரியும், முடிச்சு இருந்தால் தம்ளரும் ஆடும். அதற்குப் பதிலாக, மேல் கோட்டில் மூன்றாவது கட்டத்தில் தொடங்கி இடது விளிம்பை நோக்கிப் பின்னால் தைத்து வாருங்கள்: மூன்றாம் கட்டம் மேலே, இரண்டாவது அடியில், முதலாவது மேலே. விளிம்பில் ஓர் இழை தள்ளித் திரும்பி, அதே துளைகள் வழியாகவே வலப்பக்கம் தைத்துப் போங்கள். மூன்று கட்டங்களில் மட்டும் நூல் இரட்டையாகும். அந்தப் பிடிமானம் போதும். முடிக்கும்போதும் இப்படித்தான், கடைசி மூன்று தையல்களின் மேலேயே பின்னால் வந்து ஒட்ட வெட்டிவிடுங்கள்.

படி 4: கிடைக் கோடுகள்

முதல் கட்டத்தில் நூல் மேலே, இரண்டாவதில் அடியில், மூன்றாவதில் மேலே. இப்படியே கோட்டின் கடைசி வரை, இரண்டு துணிகளையும் சேர்த்துக் குத்தி.

கை அசைவைக் கவனியுங்கள். ஊசியை மேலும் கீழும் ஆட்டுவதற்குப் பதில், வலக்கையில் ஊசியை அசையாமல் பிடித்து, துணியை மேலும் கீழுமாக மடித்து ஊசியில் ஏற்றுங்கள். நான்கைந்து தையல் ஊசியில் சேர்ந்ததும் நூலை இழுங்கள். இழுத்தவுடன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, தைத்த கோட்டைத் தொடக்கத்திலிருந்து முனை வரை நீவிவிட வேண்டும். இழுத்த நூலில் துணி சுருங்கியிருக்கும், நீவினால் விரிந்து நூல் தளர்வாகப் படியும். தொடங்குபவர்கள் சோம்பல்பட்டு விடுவது இந்த நீவலைத்தான். நீவாத துணி துவைத்ததும் அப்பளமாக வளைந்து நிற்கும்.

வலது முனையில் கடைசிக் கட்டம் அடித்தையலாக முடியும். அங்கே ஊசியை இரண்டு துணிகளுக்கு நடுவே மட்டும் நுழைத்து, அரை செ.மீ. கீழே, அடுத்த கோட்டின் முனையில் மேலே எடுங்கள். திரும்பும் நூல் எந்தப் பக்கமும் தெரியாது. இரண்டாவது கோட்டை வலமிருந்து இடமாக, மறுபடியும் மேல் தையலோடு தொடங்குங்கள்.

கட்டங்கள் இரட்டைப்படை என்பதால், திரும்பும் இடத்தில் எப்போதும் மேல் தையலோடு தொடங்கினாலே அடுத்தடுத்த கோடுகள் தாமாக மாறி மாறி அமைந்துவிடும். எண்ண வேண்டியதே இல்லை. 21 கோடும் முடிந்ததும் துணி செங்கல் சுவர் மாதிரி இருக்கும். பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம்.

படி 5: செங்குத்துக் கோடுகள்

இடது மேல் மூலையிலிருந்து கீழ்நோக்கி, அதே விதி: திரும்பும் இடத்தில் மேல் தையல். ஊசி இப்போது ஏற்கெனவே இருக்கும் துளைகளில் இறங்கும். முன்பு போன நூலைப் பிளந்துவிடாமல் அதன் ஓரமாக இறக்குங்கள்.

இரண்டாவது கோட்டைத் தைக்கும்போதே படிகள் தெரிய ஆரம்பித்துவிடும். இடது கீழிருந்து வலது மேலாக ஏறும். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரு படுக்கைத் தையலும் ஒரு நிமிர்ந்த தையலும் மட்டும் சந்திக்க வேண்டும். ஒரே தையல் உள்ள புள்ளியோ, மூன்று தையல் கூடிய புள்ளியோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு தையல் விட்டுப் போயிருக்கிறது, அல்லது கூடிவிட்டது. அந்தக் கோட்டை மட்டும் பிரித்துத் தைத்தால் சரியாகிவிடும். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அங்கேயும் படிக்கட்டு ஓடும்.

கட்டத்தை மாற்றாமல் வடிவத்தை மாற்ற

ஹிதோமெஸாஷியில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். எல்லாக் கோடுகளையும், குறுக்கும் நெடுக்கும், முதல் கட்டத்தில் மேல் தையலோடு ஒரே மாதிரி தைத்தால் படிக்கட்டு காணாமல் போய்த் தனித்தனிக் குட்டிச் சதுரங்கள் வரும். மாறி மாறித் தைத்துக்கொண்டு வரும்போது, நடுவில் ஒரே ஒரு கோட்டை மட்டும் முந்தைய கோட்டைப் போலவே தைத்துவிட்டு மறுபடி மாற்றத்தைத் தொடர்ந்தால், அந்த இடத்தில் படிகள் திசை திரும்பி மலை முகடு போல வளையும். கிடையிலும் செங்குத்திலும் அப்படித் திருப்பினால் வைரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். துணியில் இறங்கும் முன் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பேனாவால் போட்டுப் பாருங்கள்.

அடுத்து ஜீன்ஸ்

விரிப்பு முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்துப் பேனாக் கோடுகளைப் போக்கி, முறுக்காமல் நிழலில் உலர்த்துங்கள். கோடு முழுக்கப் போய்விட்டதா என்று பார்த்த பிறகே, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி.

இதே படிக்கட்டால் முழங்காலில் நைந்த ஜீன்ஸையும் தைக்கலாம். ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிய பருத்தித் துண்டை உள்பக்கம் வைத்து ஊசி குத்தி நிறுத்துங்கள். வெளியே வெள்ளைச் சாக்பீஸால் கட்டம். ஜீன்ஸ் தடிமன் என்பதால் ஒரு தடவைக்கு இரண்டு தையலுக்கு மேல் ஊசியில் ஏறாது. திரும்பும் இடங்களில் உள்பக்கம் சிறு வளையமாக நூலைத் தளர்வாக விடுங்கள், முழங்கால் மடங்கும்போது இழுபடாது. தையல் ஓட்டையோடு நிற்காமல் நல்ல துணிக்குள்ளும் ஒன்றரை செ.மீ. வரை போகட்டும். இல்லாவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் கெட்டியாக இருக்கும், அதன் ஓரம் கிழிந்துகொண்டு வரும்.